செல்போன் பேசிக்கொண்டே வண்டி ஓட்டம்: தடை இருக்கு, தடுக்க ஆள் இல்லை!

மண்டபத்தூர் மெயின் ரோட்டில் தினமும் நடக்கும் கண்ணாமூச்சி

காரைக்கால்,

ஒரு கையில் ஹேண்டில்பார். இன்னொரு கை காதோடு ஒட்டிக் கிடக்கிறது. பின் சீட்டில் ஐஸ் போட்ட மீன் பெட்டி. வண்டி போகிற வேகம் 50, 60. வாய் மட்டும் ஓயவில்லை. "ஆமா... வந்துகிட்டே இருக்கேன்... நண்டலாறு தாண்டிட்டேன்... அஞ்சே நிமிஷம்!"

எதிரே லாரி. பின்னால் பஸ். ஓரத்தில் பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள். இத்தனைக்கும் நடுவே அந்த "அஞ்சு நிமிஷம்" ஓடிக்கொண்டிருக்கிறது.

மண்டபத்தூர், காரைக்கால் பகுதியின் வடகோடியில் இருக்கும் மீனவர் ஊர். கிழக்கே கடல். வடக்கே நண்டலாறு. ஆற்றைத் தாண்டினால் பொறையார், தரங்கம்பாடி. அது தமிழ்நாடு, மயிலாடுதுறை மாவட்டம். ஆற்றுக்குத் தெற்கே பூவம், கோட்டுச்சேரி, அப்புறம் காரைக்கால் டவுன். இது புதுச்சேரி அரசு. நடுவில் ஓடும் ரோட்டைக் கிழக்குக் கடற்கரை சாலை என்று சிலர் சொல்வார்கள். விழுப்புரம் - நாகப்பட்டினம் தேசிய நெடுஞ்சாலை என்று சர்க்கார் காகிதம் சொல்லும். ஊர் ஜனங்களுக்கு அது வெறும் "மெயின் ரோடு".

திருநள்ளாறு சனீஸ்வரனைப் பார்க்கப் போகும் கார்கள், நாகூர் தர்காவுக்கும் வேளாங்கண்ணிக்கும் போகும் வேன்கள், சரக்கு லாரிகள், இரண்டு மாநிலத்து பஸ்கள் எல்லாம் இதே வழிதான். உள்ளூர்க்காரர் கடையைத் திறக்கப் போவதும், ஆபீசுக்குப் போவதும், மீன் விற்கப் போவதும் இதே வழிதான்.

"செல்போன் பேசிக்கொண்டு வண்டி ஓட்டுவதற்குத் தடை போட்டால்தான் சரிப்படும்" என்று டீக்கடை பெஞ்சில் பேச்சு அடிபடுகிறது. இதில் வேடிக்கை என்னவென்றால், தடை எப்போதோ வந்துவிட்டது. ஆனால் அது பாதித் தடை. அந்தப் பாதியையும் ரோட்டில் காணோம்.

சட்டம் வந்த கதை

மோட்டார் வாகனச் சட்டம் 1988-ல் வந்தது. அப்போது இந்தியாவில் செல்போனே கிடையாது. 1995 ஜூலை 31-ந் தேதி கல்கத்தாவில் இருந்து மேற்கு வங்காள முதல்-மந்திரி ஜோதிபாசு, டெல்லியில் இருந்த மத்திய மந்திரி சுக்ராமுடன் பேசியதுதான் நாட்டின் முதல் செல்போன் பேச்சு. பிறக்காத பிள்ளையைச் சட்டம் எப்படிக் கண்டிக்கும்? "அபாயகரமாக வண்டி ஓட்டுதல்" என்ற 184-வது பிரிவில்தான் இத்தகைய வழக்குகளைச் சேர்த்துப் போட்டார்கள்.

2015-ம் ஆண்டில் சுப்ரீம் கோர்ட்டு நியமித்த சாலைப் பாதுகாப்புக் குழு எல்லா மாநிலங்களுக்கும் ஒரு கண்டிப்பான உத்தரவு அனுப்பியது. அதிவேகம், சிவப்பு விளக்கைத் தாண்டுதல், குடித்துவிட்டு ஓட்டுதல் ஆகியவற்றின் வரிசையில் செல்போன் பேச்சையும் சேர்த்தது. சிக்கினால் குறைந்தது 3 மாதம் லைசென்சை முடக்க வேண்டும் என்றது.

இதற்கு நடுவில் கேரளாவில் ஒரு திருப்பம். போன் பேசியபடி கார் ஓட்டியதாக ஒருவர் மீது போலீசார் கேரள போலீஸ் சட்டப்படி வழக்குப் போட்டார்கள். அவர் விடவில்லை, ஐகோர்ட்டுக்குப் போனார். 2018 மே மாதம் தீர்ப்பு வந்தது. அந்தப் போலீஸ் சட்டத்தில் போன் பேசக்கூடாது என்று எங்கும் எழுதவில்லை, பேசினார் என்பதாலேயே பொதுமக்களுக்கு ஆபத்து விளைவித்தார் என்று எடுத்துக்கொள்ள முடியாது என்று 2 நீதிபதிகள் கொண்ட பெஞ்சு சொல்லிவிட்டது. "அப்போ பேசலாமா?" என்று கேரளாவிலேயே பெரிய பரபரப்பு.

அந்த ஓட்டையைப் பார்லிமெண்டு அடைத்தது. 2019-ல் சட்டத்தைத் திருத்தினார்கள். அந்த ஆண்டு செப்டம்பர் 1 முதல், வண்டி ஓட்டும்போது "கையில் பிடித்திருக்கும் தகவல்தொடர்புக் கருவியை" உபயோகிப்பதும் அபாயகரமாக ஓட்டுவதுதான் என்று 184-வது பிரிவிலேயே எழுதிவிட்டார்கள். முதல் தடவை சிக்கினால் 6 மாதம் முதல் 1 வருஷம் வரை ஜெயில், அல்லது ஆயிரம் முதல் 5 ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே. 3 வருஷத்துக்குள் மறுபடி சிக்கினால் 2 வருஷம் வரை ஜெயில், அல்லது 10 ஆயிரம் அபராதம், அல்லது இரண்டும். 2022 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெளியிட்ட அபராதப் பட்டியலில் முதல் தடவைக்கு ஆயிரம், மறுதடவைக்கு 10 ஆயிரம் என்று இருக்கிறது.

2020 அக்டோபர் 1-ல் மத்திய அரசு ஒரு சலுகையும் கொடுத்தது. வழி பார்ப்பதற்கு மட்டும் கருவியை வைத்துக்கொள்ளலாம், அதுவும் கவனம் சிதறாதபடி. திருநள்ளாற்றுக்கு வழி தேடி வரும் வெளியூர்க்காரருக்கு இது உதவிதான். ஆனால் வழி பார்க்க வைத்த போனில் வாட்ஸ்அப் வந்தால் கண் எங்கே போகும்?

50 மீட்டர் கண்ணை மூடிக்கொண்டு...

கணக்குப் பார்த்தால் பகீர் என்கிறது.

60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஒரு விநாடியில் ஏறக்குறைய 17 மீட்டர் ஓடுகிறது. யார் கூப்பிடுகிறார்கள் என்று போனைக் குனிந்து பார்த்து நிமிர 3 விநாடி. அதற்குள் 50 மீட்டர் போயாச்சு. அந்த 50 மீட்டரும் கண்ணைக் கட்டிக்கொண்டு ஓட்டியதற்குச் சமம். 80-ல் போகிற கார் என்றால் 66 மீட்டர். அதற்குள் எத்தனை சைக்கிள், எத்தனை மாடு, எத்தனை பிள்ளைகள் குறுக்கே வரலாம் என்பதை மண்டபத்தூர் முனையில் பஸ்சுக்கு நிற்கிறவர்களைக் கேட்டால் தெரியும்.

"நான் பார்க்கிறதே இல்லீங்க. காதுல ஹெட்செட் மாட்டிக்கிட்டு ரோட்டைப் பார்த்துத்தான் ஓட்டறேன்" என்று சொல்பவர்கள் ஏராளம். இங்கேதான் விஷயம் இருக்கிறது. சட்டம் இவர்களைத் தொடுவதே இல்லை. "கையில் பிடித்திருக்கும் கருவி" என்றுதானே சட்டத்தில் இருக்கிறது?

ஆனால் டாக்டர்களும் விஞ்ஞானிகளும் வேறு கதை சொல்கிறார்கள். 1997-ல் கனடாவின் டொரண்டோ நகரில் விபத்தில் சிக்கிய 699 டிரைவர்களின் போன் கணக்கை எடுத்து, நிமிஷம் நிமிஷமாக ஒப்பிட்டுப் பார்த்தார்கள். போன் பேசும்போது விபத்து நேரும் வாய்ப்பு 4 மடங்கு அதிகம் என்று தெரிந்தது. கையில் பிடிக்காமல் பேசும் போன்களாவது பத்திரமா என்று பார்த்தார்கள். அதில் எந்த லாபமும் தெரியவில்லை!

காரணம் லேசானது. ஸ்டியரிங்கை விட்டது கை மட்டும் அல்ல, புத்தியும்தான். கடன்காரன் போனில் கேட்கிறான், வீட்டில் குழந்தைக்குக் காய்ச்சல் என்கிறார்கள், ஏலத்தில் விலை படியவில்லை என்கிறார்கள். கண் ரோட்டில் இருக்கிறது. மனசு அங்கே போய்விட்டது. எதிரே வருவது கண்ணில் விழும், மண்டையில் ஏறாது.

"பக்கத்து சீட்டில் இருப்பவரோடு பேசினால் மட்டும் பரவாயில்லையா?" என்று ஒரு கேள்வி வரும். நியாயமான கேள்விதான். பக்கத்தில் இருப்பவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டே வருகிறார். பாலம் வந்தால் பேச்சை நிறுத்துவார். லாரி குறுக்கே வந்தால் "யோவ், பார்த்து!" என்று கத்துவார். போனில் இருப்பவருக்கு லாரியும் தெரியாது, பாலமும் தெரியாது. அவர் பாட்டுக்குப் பேசிக்கொண்டே இருப்பார்.

இரண்டு போதை

காரைக்கால் என்றதும் வெளியூர்க்காரர்களுக்குச் சட்டென்று நினைவுக்கு வருவது என்ன என்று சொல்லத் தேவையில்லை. சனீஸ்வரனை இரண்டாவதாகத்தான் சொல்வார்கள்! சாயங்காலமானால் ஆற்றுக்கு அந்தப் பக்கத்தில் இருந்து வண்டிகள் வருவதும், இருட்டியபின் தள்ளாடித் திரும்புவதும் பழைய கதை. நண்டலாறு சோதனைச்சாவடியில் பாட்டில் கடத்தியவர்கள் பிடிபட்ட செய்தி அடிக்கடி வருகிறது.

அந்தப் போதையைப் பற்றி எல்லோருக்கும் தெரியும். குடித்துவிட்டு ஓட்டினான் என்றால் ஊரே காறித் துப்பும். போன் பேசிக்கொண்டு ஓட்டினான் என்றால்? "பாவம், பிசியான ஆளு" என்று போய்விடும்.

அமெரிக்காவில் யூட்டா பல்கலைக்கழகத்தில் இரண்டு பேரையும் ஒரே தராசில் நிறுத்திப் பார்த்தார்கள். 2006-ல் வெளிவந்த ஆராய்ச்சி. 40 பேரை நிஜ ரோட்டில் விடாமல், கார் ஓட்டுவது போன்ற இயந்திரத்தில் உட்கார வைத்தார்கள். ஒரு தடவை மது கொடுத்து ஓட்டச் சொன்னார்கள். ஒரு தடவை போன் பேசச் சொன்னார்கள். கொடுத்த மதுவும் கொஞ்சம் அல்ல. 100 மில்லி ரத்தத்தில் 80 மில்லிகிராம் ஏறும் அளவு. இந்தியச் சட்டம் பொறுத்துக்கொள்வது 30 மில்லிகிராம்தான்.

முடிவு என்ன தெரியுமா? போன் பேசியவர்கள் பிரேக் போடத் தாமதித்தார்கள். முன்னால் போன வண்டியில் போய் மோதியவர்களும் அவர்கள்தான். குடித்தவர்களில் ஒருவரும் மோதவில்லை. கையில் பிடித்துப் பேசியவர், பிடிக்காமல் பேசியவர் என்ற வித்தியாசமும் இல்லை.

குடிக்கலாம் என்று இதற்கு அர்த்தம் இல்லை. அப்படி எடுத்துக்கொண்டு நண்டலாற்றுப் பாலம் ஏறுபவர்களுக்குச் சாவடியில் பதில் கிடைக்கும். ஊதச் சொல்லும் கருவி போலீசாரிடம் இருக்கிறது. செல்போன் போதையை ஊதிப் பார்க்க எந்தக் கருவியும் இல்லை. அதுதான் தொல்லை.

13 பிஞ்சுகள்

2018 ஏப்ரல் 26. உத்தரப்பிரதேசத்தில் குஷிநகர் மாவட்டம். காலை நேரத்தில் பள்ளிக்கூட வேன் ஒன்று ஆள் இல்லாத ரெயில்வே கேட்டைக் கடந்தது. ரெயில் வந்து மோதியது. 13 குழந்தைகள் பரிதாபமாக இறந்துபோனார்கள். டிரைவர் காதில் இயர்போன் மாட்டியிருந்தார், ரெயில் சத்தம் கேட்கவில்லை என்று அப்போது தகவல் வெளியானது. மாநில முதல்-மந்திரியே முதல்கட்டத் தகவலாக இதைச் சொன்னார்.

இயர்போன். கையில் பிடிக்காத கருவி.

நாட்டையே உலுக்கிய இந்தச் சம்பவத்துக்கு மறு வருஷம்தான் சட்டத்தைத் திருத்தினார்கள். அப்போதும் "கையில் பிடித்த" என்ற வார்த்தையைத் தாண்டிப் போகவில்லை.

பிரான்சு நாட்டில் என்ன செய்தார்கள் என்று காரைக்காலில் பலருக்குத் தெரிந்திருக்கும். 1954 வரை பிரெஞ்சுக்காரர் ஆண்ட ஊர் இது. இன்றும் பல வீடுகளில் அண்ணனோ மாமனோ பாரிசில் இருக்கிறார். அங்கே கையில் பிடித்துப் பேசுவதற்கு 2003-லேயே தனித் தடை. 2015 ஜூலை 1 முதல் காதில் மாட்டும் இயர்போனுக்கும் ஹெட்செட்டுக்கும் தடை போட்டார்கள். காருக்கு மட்டும் அல்ல, மோட்டார் சைக்கிளுக்கும் சைக்கிளுக்கும் சேர்த்து. அபராதம் 135 யூரோ. கார், மோட்டார் சைக்கிள் ஓட்டுபவர் என்றால் லைசென்சில் 3 புள்ளியும் போகும். புள்ளிகள் தீர்ந்தால் லைசென்சே போச்சு. ரோட்டோரம் காரை நிறுத்தி, என்ஜினை அணைத்துவிட்டு, போனைக் கையில் எடுத்த ஒருவரையும் அந்த நாட்டின் உயர்ந்த கோர்ட்டு 2018-ல் விடவில்லை. ரோட்டில் நிற்கும் கார் ஓடும் காரைச் சேர்ந்ததுதான், முறையான நிறுத்துமிடத்தில் நிறுத்திவிட்டுப் பேசு என்று சொல்லிவிட்டது.

பாரிசில் 135 யூரோவுக்குப் பயந்து போனை அணைக்கிறவர், லீவில் ஊருக்கு வந்ததும் மாப்பிள்ளையின் பைக்கை வாங்கிக்கொண்டு காதில் போனோடு கடற்கரைக்குப் போகிறார். ஆள் அதே ஆள்தான். பயம் மட்டும் விமானத்திலேயே இறங்கிவிடுகிறது.

கணக்கில் வராத சாவு

2021-ம் ஆண்டு இந்தியாவில் நடந்த சாலை விபத்துகள் 4 லட்சத்து 12 ஆயிரத்துச் சொச்சம். இறந்தவர்கள் 1 லட்சத்து 53 ஆயிரத்து 972 பேர். இதில் செல்போனால் நடந்தவை என்று மத்திய அரசின் அறிக்கையில் கண்டிருப்பது 1,997 விபத்துகள். இறந்தவர்கள் 1,040 பேர்.

நூறில் ஒன்றுகூட இல்லை! "இதுக்கா இவ்வளவு கூச்சல்?" என்று கேட்கத் தோன்றும்.

இந்தக் கணக்கு எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். விபத்து நடந்த இடத்துக்குப் போலீசார் போகும்போது ஆள் ஆஸ்பத்திரியில் இருக்கிறார், இல்லையென்றால் உயிரோடு இல்லை. போன் பள்ளத்தில் கிடக்கிறது, அல்லது யாரோ எடுத்து வீட்டுக்குத் தகவல் சொல்லிக்கொண்டிருக்கிறார். ஓட்டியவரே "நான் போன் பேசினேன்" என்று எழுதிக் கொடுப்பாரா? "அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து" என்று எழுதி முதல் தகவல் அறிக்கையை முடிப்பதுதான் வழக்கம். அந்த அஜாக்கிரதைக்குள் எத்தனை செல்போன் ஒளிந்திருக்கிறது என்று யாரும் பிரித்துப் பார்ப்பது இல்லை. போன் கம்பெனியில் கணக்கு வாங்கலாம், உண்மைதான். ஆனால் விபத்து 6.10-க்கா 6.13-க்கா என்று தெரியாமல் அந்தக் கணக்கை வைத்து என்ன செய்வது? வாட்ஸ்அப்பில் பேசியிருந்தால் சாதாரணக் கணக்கில் அது வரவே வராது.

சென்னையில் எல்லோரும் பார்க்க நடந்த சம்பவத்திலேயே இந்தச் சிக்கல் வந்தது. 2012 ஜூன் 27-ந் தேதி மாநகர பஸ் ஒன்று ஜெமினி மேம்பாலத்தின் தடுப்புச் சுவரை உடைத்துக்கொண்டு கீழே விழுந்தது. அண்ணா மேம்பாலம் திறந்த 1973-ல் இருந்து அப்படி ஒரு காட்சியைச் சென்னை பார்த்தது இல்லை. 30 பேருக்கு மேல் காயம். தெய்வாதீனமாக உயிர்ச்சேதம் இல்லை. டிரைவர் செல்போன் பேசியபடி ஓட்டினார் என்று பயணிகள் கொதித்தார்கள். டிரைவர் தரப்பில் வேறு காரணம் சொல்லப்பட்டது. ஒரு பஸ் நிறையச் சாட்சிகள் இருந்தபோதே இந்த நிலைமை. ராத்திரி 9 மணிக்கு பூவத்துக்குப் பக்கத்தில் தனியாக வந்த மோட்டார் சைக்கிளுக்கு யார் சாட்சி?

போலீசாருக்கு அபூர்வமாக வாய்த்த சாட்சி 2024 மே மாதம் மதுரையில் கிடைத்தது. யூடியூப் பிரபலம் டி.டி.எப். வாசன் செல்போன் பேசியபடி கார் ஓட்டியதாக வழக்குப் பதிந்து கைது செய்தார்கள். ஆதாரம், அவரது யூடியூப் பக்கத்திலேயே வெளிவந்த வீடியோ! முந்தைய வருஷம் காஞ்சீபுரம் பக்கத்தில் நடந்த பைக் விபத்துக்குப் பிறகு அவரது லைசென்சு 10 ஆண்டுக்கு முடக்கப்பட்டிருந்தது. கோர்ட்டில் அவருக்கு ஜாமீன் கிடைத்தது. எல்லோரும் இப்படி வீடியோ எடுத்துப் போட்டுக்கொண்டிருக்க மாட்டார்கள்.

பிழைப்பும் போனில்தான்

இதில் இன்னொரு பக்கமும் உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் மண்டபத்தூர்க்காரர்கள் சண்டைக்கு வருவார்கள்.

மீன் வியாபாரம் போனில் ஓடுகிறது. படகு கரைக்கு வரும் முன்பே என்ன மீன், எத்தனை பெட்டி என்று தகவல் வந்துவிடும். காரைக்கால் துறைமுகத்தில் என்ன விலை, தரங்கம்பாடியில் என்ன விலை என்று கேட்டுவிட்டுத்தான் வண்டி எந்தப் பக்கம் திரும்பும் என்பதே முடிவாகும். ஐஸ் உருகுகிறது. ஓட்டல்காரர் "இன்னும் எவ்வளவு நேரம்?" என்று கேட்கிறார். போனை எடுக்காவிட்டால் அடுத்த ஆளிடம் வாங்கிக்கொள்வார். ஒரு நாள் வருமானம் போச்சு.

இது வெறும் பேச்சு அல்ல. கேரளக் கரையில் 1997-ல் செல்போன் வந்தபிறகு என்ன நடந்தது என்று ராபர்ட் ஜென்சன் என்ற பொருளாதார நிபுணர் ஆராய்ந்தார். அதற்கு முன்பெல்லாம் ஒரு கரையில் மத்தி வாங்க ஆள் இல்லாமல் கடலில் கொட்டுவார்கள், கொஞ்ச தூரத்தில் உள்ள இன்னொரு கரையில் மீன் கிடைக்காமல் அலைவார்கள். போன் வந்தது. கொட்டுவது நின்றது. மீனவருக்கு லாபம் கூடியது, வாங்குபவருக்கு விலையும் குறைந்தது.

ஆக, மீன்காரரிடம் "போனைத் தொடாதே" என்று சொல்வது, தராசைத் தொடாதே என்பது மாதிரி. ஆட்டோக்காரர், கேஸ் சிலிண்டர் கொண்டுவருபவர், பார்சல் பையன் எல்லோருக்கும் இதே கதைதான். பார்சல் பையனுக்கு அடுத்த ஆர்டரே போனில்தான் வருகிறது.

ஆனால் ஒன்று. விலை கேட்கும் போன் ஒரு நிமிஷப் பேச்சு. ஓரம் கட்டிப் பேசினால் ஐஸ் உருகிவிடாது. மோதிக்கொண்டால் பெட்டியோடு மீனும் ரோட்டில்.

பணக் கணக்கும் பார்க்க வேண்டியதுதான். விபத்து நஷ்டஈடு கேட்டு தீர்ப்பாயத்துக்குப் போனால், அடிபட்டவர் பக்கமும் அஜாக்கிரதை உண்டா என்று பார்ப்பார்கள். அவரும் போன் பேசியபடி வந்தார் என்று நிரூபித்துவிட்டால், கிடைக்க வேண்டிய தொகையில் அந்தப் பங்கு வெட்டு விழும். இன்சூரன்சு கம்பெனி வக்கீல் இதைக் கேட்காமல் விடமாட்டார். எதிராளி செத்துப்போய்விட்டால், 2024 ஜூலை 1-ல் வந்த புதிய சட்டத்தில் அஜாக்கிரதையால் மரணம் விளைவித்தவருக்கு 5 ஆண்டு வரை ஜெயில். பழைய சட்டத்தில் அது 2 ஆண்டுதான்.

ஆறு தாண்டினால்...

சட்டம் ஒன்றுதான். ஆனால் நண்டலாறு குறுக்கே ஓடுகிறது.

ஆற்றுக்கு இந்தப் பக்கம் பி.ஒய்.02 நம்பர் வண்டிகள். அந்தப் பக்கம் டி.என்.82. இரண்டு மாநில போலீஸ், இரண்டு போக்குவரத்து ஆபீசு. பாலத்தின் இந்த முனையில் போனை மடக்கிப் பையில் போட்டவர், அந்த முனையில் எடுத்துக்கொள்கிறார். சாவடியில் வண்டியை நிறுத்தினால் டிக்கியைத் திறக்கச் சொல்கிறார்கள். தேடுவது பாட்டிலை. காதில் இருக்கும் போன் கண்ணுக்கு நேராக இருந்தும் யார் கண்ணிலும் படுவதில்லை.

முன்பு வேண்டுமானால் "அது வேற ஸ்டேட்டுங்க" என்று தப்பிக்கலாம். இப்போது லைசென்சு விவரம் "சாரதி" என்ற கம்ப்யூட்டர் பதிவிலும், வண்டி விவரம் "வாகன்" என்ற பதிவிலும் அகில இந்தியாவுக்கும் இருக்கிறது. காரைக்கால் போலீசாருக்குத் தரங்கம்பாடி வண்டியின் ஜாதகம் ஒரு நிமிஷத்தில் கிடைத்துவிடும். மனசு வைத்தால் போதும். பாட்டிலுக்கு நிறுத்தும் அதே இடத்தில் போனுக்கும் நிறுத்தலாம். தனியாக ஆளும் வேண்டாம், சாவடியும் வேண்டாம்.

ஆயிரம் ரூபாய் ரசீதைவிட 3 மாத லைசென்சு முடக்கத்துக்குத்தான் வண்டி ஓட்டுபவர்கள் பயப்படுகிறார்கள். ஆயிரத்தைக் கடன் வாங்கிக் கட்டிவிடலாம். 3 மாதம் வேனைத் தொடாமல் குடும்பம் நடத்த முடியுமா? 2015-ல் சொன்ன அந்த உத்தரவை நாலு பேர் மீது நிஜமாக நடைமுறைப்படுத்தினால் செய்தி கோட்டுச்சேரி கடைத்தெரு முழுக்கப் பரவிவிடும்.

ஓரம் கட்டு என்று சொல்கிற சர்க்கார், ஓரம் கட்ட இடமும் கொடுக்க வேண்டும் என்பது நியாயம். பெரிய ஊர் அல்லாத இடங்களில் ரோட்டின் தாருக்கு அந்தப் பக்கம் மண் சரிவுதான். மீன் பெட்டி கட்டிய வண்டியை அங்கே இறக்கினால் திரும்ப ஏற்றுவதற்குள் போதும் போதும் என்று ஆகிவிடும். பஸ் நிறுத்தங்களை ஒட்டி நாலு வண்டி நிற்கும்படி கொஞ்சம் அகலப்படுத்தினால் பெரிய செலவு ஒன்றும் ஆகிவிடாது.

கூப்பிடுவது யார்?

எல்லோரும் ஓட்டுபவரையே திட்டுகிறோம். மறுமுனையில் இருப்பவரை யாரும் கேட்பது இல்லை.

ராத்திரி 8 மணிக்குக் கடையைப் பூட்டிவிட்டுக் கிளம்புகிறார் ஒருவர். வீட்டுக்கு அரைமணி நேரப் பயணம். அதற்குள் வீட்டில் இருந்து 3 தடவை போன். "கிளம்பிட்டீங்களா?", "எங்கே வர்றீங்க?", "வரும்போது தயிர் வாங்கிட்டு வாங்க." எடுக்காவிட்டால் "ஏன் எடுக்கலை, என்ன ஆச்சோ ஏது ஆச்சோ" என்று நாலாவது போன். பத்திரமாக வர வேண்டும் என்ற கவலையில்தான் கூப்பிடுகிறார்கள். அந்தப் போன்தான் அவர் கையை ஹேண்டில்பாரில் இருந்து எடுக்க வைக்கிறது.

வண்டியில் வருகிறார் என்று தெரிந்தே கூப்பிடும் முதலாளிகளும் உண்டு. டிரைவர் போனை எடுக்கவில்லை என்றால் மறுநாள் வேலைக்கு வேட்டு. வண்டிச் சொந்தக்காரர் ஓட்டுபவரைக் கூப்பிடுவதில்லை, கிளீனரைக் கூப்பிடுகிறார் என்று ஒரு பழக்கம் வந்தாலே பாதி லாரிகள் திருந்தும். "வண்டியில் இருக்கியா? சரி, வெச்சுடு, வந்து பேசு" என்று கூப்பிட்டவரே சொல்லிவிட்டால் போலீசுக்கு வேலையே இல்லை. இப்போது வரும் போன்களில் "வண்டி ஓட்டுகிறேன்" என்று தானாகவே பதில் அனுப்பும் வசதி பலவற்றில் இருக்கிறது. பாட்டும் படமும் பார்க்கத் தெரிந்த அளவுக்கு அந்தப் பொத்தான் எங்கே இருக்கிறது என்று பலருக்குத் தெரியாது. வீட்டில் படிக்கிற பிள்ளையிடம் கேட்டால் காட்டிக் கொடுக்கும்.

ஆகஸ்டு மாதம் வருகிறது என்றால் இந்த ரோட்டின் நிறமே மாறிவிடும். வேளாங்கண்ணி மாதா கோவிலில் ஆகஸ்டு 29-ந் தேதி கொடியேற்றம், செப்டம்பர் 8-ந் தேதி திருவிழா. சென்னை, புதுச்சேரி, கடலூர் பக்கங்களில் இருந்து காவி உடுத்தி ஆயிரக்கணக்கானோர் நடந்தே வருகிறார்கள். வெயிலுக்குப் பயந்து ராத்திரியில் நடப்பவர்கள்தான் அதிகம். வயதானவர்கள் இருப்பார்கள், தோளில் குழந்தை இருக்கும், சிறு தேரைத் தள்ளிக்கொண்டு வருவார்கள். வெறும் காலோடு, தாரின் ஓரத்தை ஒட்டி, பத்தும் இருபதுமாக வரிசையில்.

பின்னால் வரும் வண்டிக்கு அவர்கள் முதுகைக் காட்டிக்கொண்டுதான் நடக்கிறார்கள். அப்படி ஒரு வரிசையின் நீளம் 50 மீட்டர்கூட இருக்காது.